தீக்காயத்தில் மருத்துவமனை எதைப் படிக்கிறது?

2013 ஆகஸ்டில், விழுப்புரம் மாவட்டக் கூலித் தொழிலாளர் குடும்பம் ஒன்றின் கைக்குழந்தை தீக்காயங்களுடன் சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டது. உடல் தானாகவே தீப்பற்றியது என்றனர் பெற்றோர். தொடக்கத்தில் மருத்துவர் சிலரும் அதற்கு இடங்கொடுத்தனர். பரிசோதனைகளில் அசாதாரணமாக எதுவும் தென்படாதபோது ஐயம் வீட்டின்மீது திரும்பியது. அதிசயம் அல்லது குற்றம் என்ற இரண்டே விளக்கங்கள்தாம் பொதுவெளியில் நின்றன.

குழந்தை வதையை மருத்துவமனையில் முன்கூட்டியே கணிக்க இயலுமா? ஒரு கணக்கைப் பார்ப்போம். 1,000 குழந்தைகளில் 10 பேர் வதைக்கு உள்ளானவர்கள் எனக் கொள்வோம். 90 விழுக்காடு துல்லியமுள்ள சோதனை அவர்களில் 9 பேரைக் கண்டறியும். கூடவே, வதைக்கு உள்ளாகாத 99 பேரையும் சுட்டும். அதாவது ஐயத்துக்குள்ளாகும் 12 குடும்பங்களில் ஏறத்தாழ 11 குற்றமற்றவை. இந்த 90 என்பதே தாராளமான அனுமானம்.

அந்தப் பதினொன்றில் யார் இருப்பார்கள்? தாமதமாக மருத்துவமனைக்கு வருதல், காயத்துக்கான காரணத்தை மாற்றி மாற்றிக் கூறுதல், குழந்தையைத் தனியே விட்டிருத்தல் ஆகியவை வழக்கமான ஐயக் குறிகள். திருவள்ளூர் மாவட்டச் செங்கல் சூளையில் ஒரு நாள் கூலியை இழக்க முடியாத இருளர் தாய்க்கும், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலைசெய்யும் தமிழறியாத ஒடியாத் தந்தைக்கும் இம்மூன்றும் அன்றாட வாழ்க்கை. வலிப்புக்கென ஊரில் வைத்த சூட்டுத் தழும்பும் கோப்பில் 'தீக்காயம்' என்றே பதிவாகும். அமெரிக்காவில் 2002இல் வெளியான ஆய்வொன்று, எலும்பு முறிவுடன் வந்த சிறுபான்மை இனக் குழந்தைகளே வதை ஐயத்தில் கூடுதலாகப் பரிசோதிக்கப்பட்டதைக் காட்டியது. இங்கே சாதி அந்த வேலையைச் செய்யாது என நம்ப எந்தக் காரணமும் இல்லை.

இங்கிலாந்தின் கிளீவ்லேண்டில் 1987இல் ஒற்றை உடற்குறியைப் பெரிதும் நம்பி, நூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகள் பாலியல் வதைக்கு உள்ளானதாக முடிவுசெய்யப்பட்டது. பெரும்பாலோர் பின்னர் வீடு திரும்பினர். அக்குறி மட்டுமே சான்றாகாது என்றது விசாரணை அறிக்கை.

இதைக் காட்டி மருத்துவர்கள் வாய்மூடிக்கொள்ளவும் முடியாது. போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு, குற்றம் நடந்ததை அறிந்தோர் தெரிவிப்பதைக் கட்டாயமாக்குகிறது. தலித் சிறுமியின் புகாரிலோ நிலை தலைகீழ்: காயமில்லை என்பதே அவளுக்கு எதிரான சான்றாகிறது. காயமின்மை வன்முறையை மறுப்பதாகாது என ஒன்றிய சுகாதார அமைச்சகத்தின் 2014 வழிகாட்டுதல் தெளிவாகவே கூறுகிறது. இருவிரல் சோதனையை 2013இல் உச்ச நீதிமன்றம் கண்டித்தும், 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் அதைத் தடைசெய்ய வேண்டியிருந்தது.

ஆகவே நமது கோரிக்கை கணிப்புக் கருவி அன்று. அரசு மருத்துவமனைகளில் ஒடியாவும் இந்தியும் பேசும் சமூகப் பணியாளர், ஒருவரல்லாத குழுவின் முடிவு, காயத்தை விவரித்துக் காரணத்தை ஊகிக்காத பதிவு ஆகியவை வேண்டும். குடும்பத்தைக் குழந்தை நலக்குழுவிடம் நிறுத்துமுன், அந்தச் சூளையை யாரேனும் நேரில் சென்று பார்க்க வேண்டும்.