உக்கிராணக்காரனின் கணக்கு

கல்யாண வீட்டில் உக்கிராண அறையின் சாவி ஒருவர் இடுப்பில் தொங்கும். அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் அவர் கையால்தான் சமையலுக்கு அளந்து போகும். ஆனால் அதில் ஒரு மணி அரிசிகூட அவருடையதல்ல. பிறர் சொத்தைப் பார்த்துக்கொள்பவனைக் குறிக்கத் தமிழ் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பு 'உக்கிராணக்காரன்' என்ற சொல்லையே எடுத்துக்கொண்டது. லூக்கா நற்செய்தியின் 16ஆம் அதிகாரத்தில் எஜமான் அவனைக் கூப்பிட்டுக் கேட்பது கணக்கை. இந்தச் சொல் இன்று சபைகளில் அதிகம் காதில் விழுவதில்லை. காணிக்கை, தசமபாகம் என்ற சொற்கள்தான் அடிக்கடி கேட்கின்றன. அதனால் பத்தில் ஒன்றைக் கொடுத்துவிட்டால் மீதி ஒன்பதும் தன் சொந்தம், அதை எப்படிச் செலவழித்தாலும் கேட்பாரில்லை என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. உக்கிராணக்காரனுக்கு அப்படிப்பட்ட பாகப்பிரிவினை கிடையாது. பத்துக்கும் அவன் கணக்குக் காட்ட வேண்டும்.

அந்தக் கணக்கை எண்களாகவே சொல்லிக்காட்டியவர், மெத்தடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி. ஆக்ஸ்ஃபோர்டு இளைஞர் ஒருவரின் வரவு செலவை அவர் ஓர் அருளுரையில் விவரிக்கிறார்; அது அவருடைய சொந்தக் கணக்கே என்று பொதுவாகக் கருதப்படுகிறது. முதல் ஆண்டு வருமானம் 30 பவுண்டு. 28 பவுண்டில் வாழ்ந்து 2 பவுண்டு கொடுத்தார். அடுத்த ஆண்டு வருமானம் 60 ஆனது. செலவு அதே 28, கொடுத்தது 32. பிறகு 90 வந்தபோது 62, 120 வந்தபோது 92. வருமானம் நான்கு மடங்காகியும் வாழ்க்கைச் செலவு அசையவில்லை. தசமபாகக் கணக்கில் இந்த மனிதர் நான்காம் ஆண்டு 12 பவுண்டு கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கலாம். எவ்வளவு கொடுத்தாய் என்பதைவிட எவ்வளவை உனக்கென்று வைத்துக்கொண்டாய் என்று கேட்பதுதான் இங்கே அளவுகோல்.

பணம் சம்பாதிப்பதே பாவம் என்று வெஸ்லி சொல்லவில்லை. பணத்தைப் பயன்படுத்துவது பற்றி 1760இல் அச்சான அருளுரையில், இயன்ற மட்டும் ஈட்டுவதையே முதல் விதியாக வைத்தார். ஆனால் அதற்கு ஒரு வேலி போட்டார்: அடுத்தவனின் உடலையும் உடைமையையும் கெடுத்து ஈட்டக் கூடாது. அந்த வேலிக்கு வெளியே அடகுக் கடை, சாராய வியாபாரம், மிகையான வைத்தியச் செலவுச் சீட்டு எல்லாம் நின்றன. பக்கத்துக் கடைக்காரனின் வியாபாரத்தைக் கவிழ்ப்பதற்காகச் சந்தை விலைக்குக் கீழே விற்பதையும் அவர் தடுத்தார். தெருமுனை மளிகைக் கடை மூடும்வரை தள்ளுபடி கொடுக்கும் முதலீட்டாளர்களின் காலத்தில் இது 18ஆம் நூற்றாண்டுப் பேச்சாகத் தோன்றவில்லை. இயன்ற மட்டும் சேமிப்பது இரண்டாம் விதி, இயன்ற மட்டும் கொடுப்பது மூன்றாம் விதி. தன் சீடர்கள் முதல் இரண்டைப் பிடித்துக்கொண்டு மூன்றாவதைக் கைவிட்டார்கள் என்று கடைசிக் காலத்தில் அவரே வருந்தினார்.

தானம் கொடுத்துப் பழக்கினால் உழைப்பு கெடும், அந்தப் பணத்தைத் தொழிலில் போட்டால் நாலு பேருக்கு வேலை கிடைக்குமே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். இதற்கும் வெஸ்லியிடம் நடைமுறைப் பதில் இருந்தது: 1746இல் லண்டன் ஏழைகளுக்காக ஒரு சிறுகடன் நிதியைத் தொடங்கினார். ஒருவருக்கு 20 ஷில்லிங் வரை கொடுத்து, மூன்று மாதத்துக்குள் வாரத் தவணையில் திரும்பப் பெற்றுக்கொள்வார்கள். ஆகவே முதலீடும் பிறர்க்கான பொறுப்பாகலாம், அது யாருக்காகச் செய்யப்படுகிறது என்பதைப் பொறுத்து. தொழிலில் போட்டிருக்கிறேன் என்ற பதில், தன் வீட்டுக்கு மேல் இன்னொரு மாடி எழுப்புவதற்கான திரையாகவும் இருக்கக்கூடும். களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்த லூக்கா நற்செய்திப் பணக்காரனும் திறமையான விவசாயிதான்.

நம் நாட்டில் இதைவிடக் கூர்மையான ஆட்சேபம் ஒன்று உண்டு: கிறிஸ்தவர்களின் சேவை மதமாற்றத்துக்கான தூண்டில் என்பது. இதைக் கோபப்பட்டு ஒதுக்குவது சரியாகாது. உதவிக்குக் கைமாறாக நம்பிக்கையைக் கேட்டால் அது வியாபாரம். அப்படி நடக்கும் இடத்தில் குற்றச்சாட்டு நியாயமானதே. ஆனால் பிறருக்கு உதவும் இந்தப் போதனைக்கு மூலமாக இயேசு சொன்ன கதை வேறு. எரிகோ சாலையில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு எண்ணெயும் திராட்சரசமும் வார்த்து, சத்திரக்காரனிடம் இரண்டு நாள் கூலியையும் கொடுத்த சமாரியன், அவன் எந்தக் கோயிலுக்குப் போகிறவன் என்று விசாரிக்கவில்லை. கிறிஸ்தவத்தை விட்டு விலகி, அதை எதிர்த்து நின்ற ரோமப் பேரரசன் ஜூலியன் 362இல் கலாத்தியாவின் தலைமைப் பூசாரிக்கு எழுதிய கடிதம் இங்கே நல்ல சாட்சி. கிறிஸ்தவர்கள் தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளையும் தாங்குகிறார்கள், நமக்கு வெட்கமாக இல்லையா என்பது அவன் புலம்பல். எதிராளியே சொன்னதால் இதற்கு மதிப்பு அதிகம். சில ஆண்டுகளில் கப்பதோக்கியாவில் பஞ்சம் வந்தபோது, செசரியாவின் கிறிஸ்தவ குருவான பசீல் தானியத்தைப் பூட்டி வைத்தவர்களைத் திருடர் வரிசையில் நிறுத்திப் பிரசங்கித்தார். பிறகு ஊருக்கு வெளியே நோயாளிகளுக்கும் வழிப்போக்கர்களுக்கும் இல்லங்கள் எழுப்பினார்.

தனி மனிதருக்குப் பொருந்தும் இந்த அளவுகோல் நிறுவனங்களுக்கும் பொருந்தும். பள்ளிகள், கல்லூரிகள், மருத்துவமனைகள், நகர நடுவில் நிலங்கள் என்று தமிழ்நாட்டுத் திருச்சபைகளிடம் இருப்பது சாதாரணச் சொத்தல்ல. அதில் எத்தனையோ வீடுகளின் பெண்கள் உலையில் போடும் முன் எடுத்துவைத்த கைப்பிடி அரிசியும் கலந்திருக்கிறது. இன்றோ சொத்துத் தகராறுகள் நீதிமன்றங்களில் ஆண்டுக்கணக்கில் நடக்கின்றன. திருச்சபைத் தேர்தலுக்குத் தேர்தல் சபையார் கட்சி கட்டிக்கொண்டு மோதுகிறார்கள். வெளியே கணக்குக் காட்டினால் எதிரிகள் பயன்படுத்துவார்கள் என்கிறார்கள் நிர்வாகிகள். திருத்தூதர் பவுல் அப்படி நினைக்கவில்லை. எருசலேம் ஏழைகளுக்காகத் திரட்டிய பணத்தைத் தனியாகக் கொண்டுபோக மறுத்து, யாரும் குறை சொல்ல இடமிருக்கக் கூடாது என்று, சபைகள் தேர்ந்தெடுத்த ஆட்களைக் கூடவே அனுப்ப ஏற்பாடு செய்தார். இரண்டாம் கொரிந்தியர் நிருபத்தின் எட்டாம் அதிகாரத்தில் அது இருக்கிறது.

ஒவ்வொரு மறைமாவட்டமும் திருமண்டலமும் தணிக்கை செய்த வரவு செலவை ஆண்டுக்கு ஒருமுறை தமிழில் அச்சிட்டு, ஆலயத்தின் வெளிவாசலில் ஒட்டட்டும். சபைக்கு வெளியே இருக்கும் ஏழைக்குச் செலவான தொகையை அதில் தனி வரியாகக் காட்டட்டும்.