உயிர் பிழைத்தால் மட்டும் போதுமா?

‘உயிர் பிழைச்சதே பெரிசு, இதுக்கெல்லாம் புலம்பலாமா?’ மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து ஹார்மோன் மாத்திரை சாப்பிடும் பெண்ணிடம் உங்கள் வீட்டில் யாராவது இப்படிச் சொன்னால், தயவுசெய்து அவர் வாயை அடையுங்கள்.

டமாக்சிஃபெனை 5 வருடம், சிலர் 10 வருடம் சாப்பிட வேண்டும். படப்பையிலிருந்து தாம்பரம் போகும் பஸ்ஸில் நிற்கும்போதே திடீரென்று உடம்பு கொதிக்கும். ரவிக்கை நனைய வியர்க்கும். அடுத்த நிமிடம் குளிரும். ராத்திரித் தூக்கம் போச்சு. லெட்ரோசோல் என்றால் காலையில் விரல் மடங்காது, தோசைக்கரண்டியைப் பிடிக்க முடியாது.

‘வயசுக் கோளாறு’ என்கிறோம். இல்லை சார். புற்றுக்குத் தீனி போடும் ஈஸ்ட்ரோஜனை மாத்திரை மடக்குவதன் விளைவு அது. சொல்லிப் பயனில்லை என்று தெரிந்ததும் அவள் சத்தமில்லாமல் மாத்திரையை நிறுத்திவிடுகிறாள். நோய் திரும்பும் ஆபத்து கூடுகிறது. ஆபரேஷனுக்குக் கடன் வாங்கிய வீடு, காது கொடுக்க மட்டும் கஞ்சத்தனம் செய்கிறது. பி.காம். படித்த எனக்கு இந்தக் கணக்கு புரியவே இல்லை.

வழி இருக்கிறது. டாக்டர் மாத்திரையை மாற்றலாம். நடையும் எடைப் பயிற்சியும் லெட்ரோசோல் வகை மாத்திரைகள் தரும் மூட்டுவலியைச் சுமார் 30 சதவீதம் குறைத்ததாக 2015-ல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. வியர்வைக்கும் மருந்து உண்டு. ஆனால் அதில் பராக்ஸெடின், டமாக்சிஃபெனின் வேலையையே கெடுக்கும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்காதீர்கள். மாதவிடாய் நின்றபின் ரத்தம் பட்டால் உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

அடுத்த செக்கப்புக்கு நீங்களும் கூடப் போங்கள். ‘மாத்திரை சாப்பிடறீங்களா?’ என்பதோடு டாக்டர் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டால், ‘தூக்கமே வரலை டாக்டர்’ என்று அவள் சொல்லி முடிக்கும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்காதீர்கள்.