உறைக்குள் உறங்கும் கமரா

நண்பரொருவர் பழைய றொலிபிளெக்ஸ் கமராவொன்றை வாங்கி, தோலுறையிலிட்டு அலுமாரியிற் பூட்டிவிட்டதாகப் பெருமையோடு சொன்னார். நாம் வாழ்த்தவில்லை. "எடுத்துத் திறந்து பாரும்" என்றோம்.

இவ்விரட்டை வில்லைக் கமரா ஜேர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் 1929இல் பிறந்தது. குனிந்து மேலேயுள்ள மங்கற்கண்ணாடியை நோக்கினால் உலகம் இடம்வலம் மாறித் தோன்றும். பழகும்வரை, நிற்பவரைத் தேடி எதிர்ப்பக்கமே திரும்புவோம். அதுவும் ஓர் இன்பந்தான். 120 இலக்கச் சுருளொன்றில் 12 படங்களே அடங்கும். ஆதலால் விரல் அவசரப்படுவதில்லை.

இதற்குப் பகை நமது ஈரக்காற்று. தோலுறை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். இருளுஞ் சேர்ந்தால் வில்லையிற் பூஞ்சணம் சிலந்தி நூல்போற் படரும். அது சுரக்கும் அமிலம் கண்ணாடியை அரித்துவிட்டால், துடைத்தாலும் வடு மாறாது. எமது தந்தையாரின் கமராவை நாம் இவ்வாறே இழந்தோம். அவர் எடுத்துப் புழங்கியவரை அதற்கொரு குறையுமில்லை. நாம் பத்திரமாக வைத்தோம், கெட்டது.

மறுநாள் நண்பர் கமராவுடன் வந்தார். முன்வில்லையின் ஓரத்தில் இரண்டொரு நூல்கள், துடைத்ததும் போயின. இப்போது தோலுறை வேறிடத்தில். கமராவோ ஈரமுறிஞ்சும் மணிகளோடு இறுக மூடிய பேணியில். ஞாயிறுதோறும் வெளியே வருகிறது. பேத்திதான் அலுத்துப்போனாள்: ஒரு படத்துக்கு எவ்வளவு நேரந்தான் சிரித்துக்கொண்டு நிற்பது?