ஸ்கோப் கடைசியாக வாங்குற சாமான்

"எயார் ரைபிளுக்கு எந்த ஸ்கோப் நல்லம்?" எங்கட வட்டத்தில இப்ப அடிக்கடி வாற கேள்வி இதுதான். கேட்கிறவர்கள் வேட்டைக்காரர் இல்லை, வேளாண்மை செய்யிற வீட்டுப் பெடியள். தம்பலகாமத்தில வயலோ தென்னங்காணியோ வச்சிருக்கிற வீடுகளுக்குக் குரங்கு, மயில், பன்றி, யானை எல்லாம் கேளாமல் பங்கு கேட்கிற சொந்தக்காரர் மாதிரி.

கலைப்பீடத்துப் பிள்ளைகளுக்குத் துவக்கைப் பற்றி என்ன தெரியும் எண்டு கேட்கலாம். நாங்களும் பரணில படுத்து வளர்ந்த ஆக்கள்தான். எங்கட பதில் இது: ஸ்கோப் வாங்குறதெண்டால் கடைசியாக வாங்குங்கோ. முதல் ஒரு பைனாகுலர் வாங்குங்கோ.

கொழும்பில இருந்து "ஐயோ பாவம் குரங்கு" எண்டு எழுதுகிற நண்பர்களோட நாங்கள் ஒத்துப்போகவில்லை. ஒரு காலைக்குள்ள தென்னை முழுக்கக் குரும்பட்டி கொட்டிக் கிடக்கிறதைப் பார்த்தவனுக்கு அந்தக் கோபம் விளங்கும். அரசாங்கமும் இதில தடுமாறித்தான் நிற்கிறது. 2023இல ஒரு லட்சம் குரங்கைச் சீனாவுக்கு அனுப்பப் போறம் எண்டார்கள், வழக்குப் போனதும் அந்தக் கதை நிண்டுபோச்சு. 2025 மார்ச் 15 காலை எட்டு மணிக்கு நாடு முழுக்க ஐந்து நிமிசம் குரங்கும் மயிலும் மர அணிலும் எண்ணினோம். எண்ணினதுக்குப் பிறகு என்ன எண்டதுதான் வயல்காரரின் கேள்வி. விவசாயிகளுக்கு எயார் ரைபிள் குடுக்கலாம் எண்ட பேச்சும் இடைக்கிடை அடிபடும். துவக்கு எண்ட பேச்சு வந்தால் ஸ்கோப்பும் பின்னால வரும்.

ஆனால் ஸ்கோப் என்ன செய்யும், என்ன செய்யாது எண்டதை விற்கிறவன் சொல்லமாட்டான். அது கண்ணுக்குத் தூரத்தைக் குறைச்சுக் காட்டும். துவக்கின் வலுவை ஒரு துளியும் கூட்டாது. நாலு மடங்கு ஸ்கோப்பில 80 மீட்டர் தள்ளி இருக்கிற குரங்கு 20 மீட்டரில இருக்கிற மாதிரித் தெரியும். கண் அதை நம்பிவிடும். 4.5 மி.மீ ஈயக்குண்டுக்கு அந்த 80 மீட்டர் 80 மீட்டர்தான். போகப்போக வேகம் விழும், காற்றுத் தள்ளும். பட்டாலும் மிருகம் சாகாது, காயத்தோட போகும். காயப்பட்ட குரங்கு பயிரை விட்டுப் போகும் எண்டு யாராவது உறுதி தர முடியுமா?

யானைக்கு எதுவும் சொல்லத் தேவையில்லை. 2023இல மட்டும் இலங்கையில 488 யானைகள் செத்தன, யானையால 184 மனிதர் செத்தார்கள். செத்த யானைகளில வெடிபட்டதுகள் கொஞ்சமில்லை. இடியன் துவக்கும் கட்டுத்துவக்கும் காட்டுப்பக்கம் எந்த நிலைமையில இருக்கு எண்டு ஊருக்கே தெரியும். வெடிபட்டுப் புண் அழுகி அலையிற யானை ஊருக்குள்ள வாற யானையை விட மோசம். வலியில இருக்கிறதுக்கு வெடிச்சத்தம் எல்லாம் ஒண்டுதான்.

இதை விடப் பெரிய காரணம் ஒண்டு இருக்கு. ஸ்கோப்பால எதைப் பார்த்தாலும் துவக்கின் வாய் அதை நோக்கித்தான் நிற்கும். வரம்பில அசையிறது பன்றியா, தண்ணி கட்டப் போன பக்கத்து வயல் அண்ணையா எண்டு ஸ்கோப்பால பார்த்துத் தெரிஞ்சுகொள்ளுறதெண்டால், அவரைக் குறி வச்சபடிதான் பார்க்கிறீர்கள். ஒரு நிமிசத்துக்கு முதல் அது யார் எண்டு உங்களுக்கே தெரியாது. விரல் எங்க இருக்கும் எண்டதை இருட்டில யாரும் சத்தியம் பண்ண முடியாது. அதுவும் எங்கட ஊரில. 1998 பெப்ரவரி 1ஆம் திகதி பாரதிபுரத்தில எட்டுப் பேர் சுட்டுக் கொல்லப்பட்ட ஊர் இது. குறுக்குக் கோட்டுக்குள்ள தன்ர தலை இருக்கிறது எண்டால் என்ன எண்டு இங்க பெரியாக்களுக்குச் சொல்லிக்குடுக்கத் தேவையில்லை. அந்தக் கோட்டைக் கையில எடுத்து விளையாடுறது இளந்தாரிமாருக்குச் சும்மா விசயமாகப் போகக்கூடாது எண்டுதான் நாங்கள் இவ்வளவு மினக்கெடுறம்.

ஆனபடியால் பைனாகுலர். 8×42 எண்டு எழுதியிருக்கிறதைத் தேடுங்கோ. எட்டு மடங்கு பெருக்கும், முன் கண்ணாடி 42 மி.மீ. 42ஐ எட்டால பிரிச்சால் ஐந்துக்குச் சற்று மேல வரும். கண்ணுக்கு வந்து சேருற ஒளி வட்டத்தின் அகலம் அது. சட்டைப் பைக்குள்ள போற 10×25 எண்டால் அதே கணக்கு இரண்டரை. பகலில இரண்டும் ஒண்டு மாதிரித்தான் தெரியும். மிருகம் வாறது மைம்மலிலயும் விடியப்பறத்திலயும். அந்த நேரம் கண்மணி விரிஞ்சு நிற்கும், சின்னதில எல்லாம் கறுப்பாகத்தான் கிடக்கும். "நூறு மடங்கு, இரவிலும் தெரியும்" எண்டு போனில வாற விளம்பரத்துக்கு வாங்கினவர்களைக் கேட்டுப் பாருங்கோ. நூறு மடங்கைக் கையில பிடிச்சால் நடுக்கத்தில ஒண்டுமே தெரியாது.

இவ்வளவு சொல்லியும் ஸ்கோப்தான் வேணும் எண்டு நிற்கிறவர்களுக்கு: துவக்குக்கு என்ன அனுமதி வேணும் எண்டதை முதல் மாவட்டச் செயலகத்தில கேளுங்கோ. பிறகு சரியான ஸ்கோப்பையாவது வாங்குங்கோ. பிழையாகப் பூட்டின ஸ்கோப்தான் கூடுதலான காயத்துக்குக் காரணம் எண்டது எங்கட அபிப்பிராயம்.

ஸ்பிரிங் எயார் ரைபிள் இரண்டு பக்கமும் உதைக்கும். உள்ள இருக்கிற பிஸ்டன் முன்னுக்குப் பாயேக்க துவக்கு பின்னுக்கு வரும், பிஸ்டன் போய் அடிச்சு நிற்கேக்க திரும்ப முன்னுக்கு இழுக்கும். பெரிய துவக்குக்குச் செய்த ஸ்கோப் பின்னுதையை மட்டும் தாங்கச் செய்தது. எவ்வளவு விலை குடுத்தாலும் உள்ளுக்குள்ள கோடு கழன்று போகும். எயார் ரைபிளுக்கு எண்டே சொல்லி விற்கிறதைத்தான் எடுக்க வேணும். இன்னொண்டு, பெரிய துவக்கு ஸ்கோப் நூறு யார் தூரத்துக்குச் சரி செய்யப்பட்டிருக்கும். 20 மீட்டரில தலையைக் கொஞ்சம் அசைச்சாலே கோடு இலக்கை விட்டு நகரும். பாரலக்ஸ் எண்டு சொல்லுறது அதைத்தான். முன் வளையத்தைத் திருப்பிப் பத்து யார் வரைக்கும் சரிசெய்யக்கூடியது இருக்கு. பெருக்கம் நாலு போதும்.

பூட்டுறதில அவசரம் வேண்டாம். எயார் ரைபிளின் மேல் தவாளிப்பு பெரும்பாலும் 11 மி.மீ. அதுக்குரிய மவுண்ட், முடிஞ்சால் ஒரே துண்டாக, பின்னுக்கு வழுக்காமல் தடுக்கிற ஊசியோட. ஸ்கோப் குழாய் ஒரு அங்குலமா 30 மி.மீயா எண்டு பார்த்து வளையம் வாங்க வேணும். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் இடையில மூன்று அங்குலத்துக்குக் குறையாமல் விடுங்கோ, இல்லாட்டிப் புருவத்தில அடி விழும். நூலில கல்லைக் கட்டித் தொங்கவிட்டு நெட்டுக்கோட்டை அதோட ஒப்பிட்டால் சாய்வு தெரியும். ஆணிகளை ஒண்டை முழுக்க இறுக்கிப்போட்டு மற்றதுக்குப் போகாமல், குறுக்கும் மறுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கோ. கூட இறுக்கினால் குழாய் நசியும்.

சீரோ பண்ணுறது அட்டையில, மண் அணைக்கு முன்னால. 25 மீட்டரில ஒரு கிளிக் குறியை இரண்டு மி.மீகூட நகர்த்தாது. இரண்டு சென்டிமீட்டர் விலகினால் பதினொரு கிளிக் வேணும். நாலு கிளிக் திருப்பிப்போட்டு "ஸ்கோப் பழுது" எண்டு கடைக்காரனைத் திட்டுறதில பிரயோசனம் இல்லை. அட்டையில சின்னச் சோடா மூடி அளவுக்குள்ள ஐந்து குண்டும் விழாத தூரம் எதுவோ, அந்தத் தூரத்தில உயிருள்ள எதையும் நோக்கித் துவக்கைத் தூக்காதீங்கோ. அந்த அட்டை சொல்லுற தூரத்தைப் பார்த்தே பாதிப்பேர் ஸ்கோப்பை விற்றுப்போடுவார்கள் எண்டு நினைக்கிறம்.

பராமரிப்பு இரண்டுக்கும் ஒண்டுதான். குடாக் காற்றில உப்பு, மாரியில ஈரம். றெக்சின் பெட்டிக்குள்ள மூடி அலுமாரியில வச்சால் கண்ணாடிக்கு உள்ளுக்குப் பூஞ்சணம் பிடிக்கும், வீட்டில கழற்றித் துடைக்க ஏலாது. காத்துப் புகாத டப்பாவில சிலிக்கா ஜெல் பொட்டலத்தோட வையுங்கோ. துடைக்க முதல் தூசியை ஊதித் தட்ட வேணும். சாரத் தலைப்பு வேண்டவே வேண்டாம், அதில இருக்கிற மணல் கண்ணாடியைக் கீறும். இரண்டாலயும் சூரியனைப் பார்க்கக்கூடாது, ஒருக்காப் பார்த்தாலே கண் போகலாம்.

பைனாகுலரிலயும் சிக்கல் இல்லாமல் இல்லை. ஒரு பக்கம் சீனக்குடா விமானத்தளம், மற்றப்பக்கம் துறைமுகம். கழுத்தில அதைத் தொங்கவிட்டுப் போன எங்களில இரண்டு பேரை மறிச்சு, என்ன பார்க்கிறாய் எண்டு அரை மணித்தியாலம் கேட்டார்கள். கொக்கு எண்டு சொன்னது நம்பப்படவில்லை. அதனால தனி ஆள் வாங்குறதை விட, ஒவ்வொரு வெளிக்கும் கமக்காரர் அமைப்பு ஒண்டை வாங்கி, அமைப்பின் பேரில பதிஞ்சு, பரணில வைக்கிறது நல்லம். எந்தப் பக்கத்தால யானை இறங்குது, எத்தனை, குட்டி இருக்கா எண்டு தெரிஞ்சால் யானை வெடியை எங்க போடுறது, யாருக்குப் போன் எடுக்கிறது எண்டும் தெரியும். குரங்குக் கூட்டம் எந்த மரத்தில படுக்குது எண்டு ஒரு கிழமை எழுதி வச்சால், காலையில எந்தப் பக்கம் நிற்க வேணும் எண்டதும் தெரியும்.

காசு யார் போடுறது, பரணில இருந்து அது காணாமல் போனால் யார் பொறுப்பு எண்டு போன கூட்டத்திலேயே சண்டை வந்திட்டுது. ஏக்கருக்கு இவ்வளவு எண்டு பிரிக்கலாம் எண்டு ஒரு பக்கம், யானை முதல் இறங்கிற காணிக்காரர் கூடக் குடுக்க வேணும் எண்டு மற்றப் பக்கம். பெரும்போகம் விதைக்க முதல் முடிவெடுக்க வேணும்.