மனநல மாத்திரையும் இனிப்பு நீரும்: இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டிய நேரம்

மனச்சிதைவு நோய்க்கு மாத்திரை சாப்பிடுபவர் ஒரு வீட்டில் இருந்தால், அந்த விஷயம் அந்த வீட்டுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. "தஞ்சோங் ரம்புத்தான்" என்று சொன்னாலே அதை ஓர் ஊரின் பெயராக நினைப்பவர்கள் குறைவு. அங்குள்ள பகாகியா உலு கிந்தா மருத்துவமனை 1911 முதல் இயங்கி வருகிறது. நூறாண்டுக்கு மேலாகியும் அந்தப் பெயர் ஏச்சுப் பேச்சாகவே புழங்குகிறது. இந்த வெட்கத்தால் நோய் மட்டும் மறைக்கப்படவில்லை. மருந்தைப் பற்றிய கேள்விகளும் மறைந்து போகின்றன. ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

மலேசிய இந்தியர்களுக்கு இதில் தனிக் கவலை ஒன்று உண்டு. 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. அதாவது பத்தில் மூவர். மனநோய்க்குத் தரப்படும் சில மருந்துகள் உடல் எடையையும் இரத்தச் சர்க்கரையையும் கொழுப்பையும் கூட்டக்கூடியவை. குறிப்பாக ஒலான்சபின், குளோசபின் ஆகிய இரண்டும் அப்படிப்பட்டவை. ஏற்கெனவே சர்க்கரை நோய் மலிந்த குடும்பத்தில் இந்த மருந்து தொடங்கும்போது கண்காணிப்பும் கூடவே தொடங்க வேண்டும்.

அதற்காக மருந்தைக் கண்டு பயப்படத் தேவையில்லை. காதில் குரல் கேட்பது, யாரோ தீங்கு செய்ய வருகிறார்கள் என்ற அசைக்க முடியாத சந்தேகம், தூக்கமின்றி அலைவது போன்ற அறிகுறிகளை இந்த மருந்துகள் கட்டுப்படுத்துகின்றன. முழுப் பலன் தெரிய சில வாரங்கள் ஆகும். இவை போதைப் பழக்கத்தை உண்டாக்குபவை அல்ல. வெறும் தூக்க மாத்திரையும் அல்ல.

ஏன் நிறுத்துகிறார்கள்?

பெரும்பாலும் இரண்டு காரணங்கள். ஒன்று, "குணமாகிவிட்டது, இனி எதற்கு?" என்ற எண்ணம். குணமாகத் தெரிவதே மருந்து வேலை செய்வதால்தான் என்பது பலருக்கு விளங்குவதில்லை. திடீரென நிறுத்தினால் நோய் திரும்ப வரும் வாய்ப்பு மிக அதிகம். அது உடனே தெரிவதும் இல்லை. சில வாரங்களோ மாதங்களோ கழித்து வருவதால், மாத்திரையை நிறுத்தியதுதான் காரணம் என்று குடும்பத்துக்குத் தோன்றாமலே போகிறது.

இரண்டாவது காரணம் பக்க விளைவு. ஹலோபெரிடோல் போன்ற பழைய மருந்துகளில் கை நடுக்கம், உடல் விறைப்பு, ஒரே இடத்தில் உட்கார முடியாத பரபரப்பு வரலாம். ரிஸ்பெரிடோன் பெண்களுக்கு மாதவிலக்கைத் தடுக்கலாம், மார்பில் பால் சுரக்கச் செய்யலாம். ஆண்களுக்குத் தாம்பத்திய உறவில் நாட்டம் குறையலாம். இதை டாக்டரிடம் சொல்லக் கூச்சப்பட்டு, சொல்லாமலே மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். சொல்லியிருந்தால் அளவைக் குறைக்கலாம், வேறு மருந்துக்கு மாற்றலாம், விறைப்புக்குத் தனி மருந்து தரலாம். வழி இருக்கிறது, வாய் திறக்க வேண்டும்.

தினமும் மாத்திரை சாப்பிட மறப்பவர்களுக்கு, சில வாரங்களுக்கு ஒருமுறையோ மாதம் ஒருமுறையோ போடும் ஊசியும் உண்டு.

என்னென்ன சோதிக்க வேண்டும்?

மருந்து தொடங்கும்போதே எடை, இடுப்புச் சுற்றளவு, இரத்த அழுத்தம், வெறும் வயிற்றில் சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். சுமார் 3 மாதம் கழித்து மறுபடியும், பிறகு ஆண்டுதோறும் பார்ப்பது நல்லது. எடையை வீட்டிலேயே மாதம் ஒருமுறை குறித்து வைக்கலாம். பசி கூடுவது மருந்தின் வேலை. அதைச் சோம்பேறித்தனம் என்று திட்டுவதில் பயனில்லை. தே தாரிக்கில் சீனியைக் குறைப்பதும், மாலையில் கூடவே நடக்கப் போவதும் அதைவிட உதவும்.

குளோசபின் எடுப்பவர்களுக்கு விதி இன்னும் கடுமை. அது வெள்ளை அணுக்களைக் குறைக்கக்கூடும் என்பதால் வழக்கமாக முதல் 18 வாரங்களுக்கு வாரந்தோறும் இரத்தப் பரிசோதனை உண்டு. அவர்களுக்குக் காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் பெனடோல் போட்டுப் படுத்துவிடக் கூடாது; அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும். மலச்சிக்கலும் அலட்சியம் செய்யக்கூடியது அல்ல. குளோசபினில் அது உயிருக்கே ஆபத்தாகலாம்.

வெயிலில் வேலை செய்வோர் கவனிக்க

குளோர்புரோமசின் எடுப்பவர்களின் தோல் வெயிலில் எளிதில் கன்றிவிடும். இவ்வகை மருந்துகள் உடல் தன் சூட்டைத் தணித்துக்கொள்ளும் திறனையும் குறைக்கலாம். செம்பனைத் தோட்டத்திலும் கட்டுமான இடத்திலும் வேலை செய்பவர்கள் நீண்ட கைச் சட்டையும் தொப்பியும் அணிந்து, தண்ணீரை அடிக்கடி குடிக்க வேண்டும். படுக்கையிலிருந்து சட்டென எழுந்தால் தலைசுற்றி விழவும் கூடும். மயக்கம் தரும் மருந்து என்றால் பழகும்வரை மோட்டார் சைக்கிளைத் தவிர்ப்பது நல்லது. மதுவும் சம்சுவும் அறவே ஆகாது.

சிகரெட் விஷயம் பலருக்குத் தெரியாது. புகை ஒலான்சபினையும் குளோசபினையும் உடலில் வேகமாகக் கரைக்கிறது. புகைப்பதைத் திடீரென நிறுத்தினால் இரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிவிடும். புகையை விடுவது நல்லதே. ஆனால் டாக்டரிடம் சொல்லிவிட்டு விட வேண்டும்.

கடும் காய்ச்சல், இரும்பு போல உடல் விறைப்பு, புத்தித் தடுமாற்றம் மூன்றும் சேர்ந்து வந்தால் காத்திருக்காமல் 999க்கு அழைக்க வேண்டும். இது அரிது, ஆனால் உயிர்போகும் அவசரம்.

குடும்பத்தின் பங்கு

மருந்து வாங்க வசதியில்லை என்ற நிலை இங்கே பெரும்பாலும் இல்லை. அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 ரிங்கிட், நிபுணரைப் பார்க்க 5 ரிங்கிட். தோட்டத்திலிருந்து பட்டணம் போகும் பஸ், இழக்கும் ஒருநாள் சம்பளம், "எங்கே போகிறாய்?" என்று அண்டை வீட்டார் கேட்கும் கேள்வி, இவைதாம் தடை. கூட ஒருவர் போனால் பாதிச் சுமை குறையும். அப்படிப் போகிறவர் எல்லா மருந்துகளின் பெயரையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போகட்டும். இனிப்பு நீர் மாத்திரையும் நாட்டு மருந்தும் அதில் இருக்க வேண்டும்.

கோயிலில் வேண்டுதல் வைப்பவர்கள் வைக்கட்டும். அதற்காக மாத்திரையை நிறுத்தச் சொல்வோரின் பேச்சை மட்டும் கேட்க வேண்டாம். மன நெருக்கடியில் இருப்போர் சுகாதார அமைச்சின் 15555 எண்ணை அழைக்கலாம்.

இனிப்பு நீருக்கு மாத்திரை சாப்பிடுவதை யாரும் மறைப்பதில்லை. மனநோய் மாத்திரையையும் அப்படிச் சாப்பாட்டு மேசையில் வெளிப்படையாக வைக்கும் வீட்டில், பக்க விளைவும் சீக்கிரம் கண்ணில் படும், சிகிச்சையும் நிலைக்கும்.