ரீசைக்கிள் பின்னைக் காலி செய்தால் போதுமா?

கொள்முதல் நிலையத்தில் நெல் போடப் பதிவு செய்தபோது ஸ்கேன் செய்த சிட்டா, அடங்கல், ஆதார், பாஸ்புக் எல்லாம் வீட்டுக் கம்ப்யூட்டரில் கிடக்கும். அதை விற்கப் போகிறீர்களா? டெலீட் செய்வது சிட்டாவைக் கிழிப்பது மாதிரி. வயல் அங்கேயேதான் இருக்கும். 'ரெக்குவா' போன்ற இலவச மென்பொருளாலேயே மீட்டுவிடலாம்.

பழைய ஹார்டு டிஸ்க்குக்கு என் சிபாரிசு 'இரேசர்'. இலவசம். ஃபைல் இருந்த இடத்தின் மேலேயே வேறு தகவலை எழுதிவிடும். முன்பே டெலீட் செய்தவற்றுக்காகக் காலி இடத்தையும் துடைக்கும். 35 தடவை எழுதும் வசதியும் உண்டு. ஒரே தடவை போதும், கரண்டை வீணாக்காதீர்கள்!

எஸ்.எஸ்.டி.க்கு இது சரிவராது. எங்கே எழுதுவதென்று அதுவே இடம் மாற்றிக்கொள்ளும். தயாரித்த நிறுவனமே தரும் மென்பொருளில் (சாம்சங் என்றால் 'மெஜிஷியன்') 'செக்யூர் இரேஸ்' கொடுங்கள். மொத்த டிஸ்க்கும் காலியாகிவிடும். அதனால் முதலில் பென்டிரைவில் ஒரு காப்பி. அடுத்த சம்பாவுக்கும் பாஸ்புக் கேட்பார்கள்.