வலையை மடித்து வைத்தவர்கள்

சென்ற ஐப்பசியில் பக்ஷிகளைப் பார்ப்பதற்காக நாம் நாகாலாந்துக்குப் போய் வந்தோம் என்று கேள்விப்பட்ட கணக்கு உபாத்தியாயர் ஒருவர், "ஏன், நம் ஊரில் காக்கைகள் போதவில்லையோ?" என்று விசாரித்தார். மணி அடித்துவிட்டபடியால் அவருக்குச் சுருக்கமாகவே பதில் சொன்னோம். விஸ்தாரமான பதிலை நேயர்களுக்குச் சொல்கிறோம்.

நாம் பார்க்கப் போனது அமூர் வல்லூறு என்னும் பக்ஷி. புறாவைக் காட்டிலும் சிறியது. எடை நூற்றைம்பது கிராம் சுமாருக்குத்தான் இருக்கும். ஆண் பக்ஷி சாம்பல் நிறம். பெண்ணுக்கு வெளிறிய மார்பில் கருங்கோடுகள். இரண்டுக்கும் கால்கள் செம்மஞ்சள். ருஷ்யாவின் தென்கிழக்குக் கோடியிலும் வட சீனத்திலும் குஞ்சு பொரித்து, குளிர் வருமுன் புறப்பட்டு, ஆப்பிரிக்காவின் தென்பாகம் வரையில் செல்கிறது. போக வர இருபதினாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஆகிறது. நடுவே அரபிக் கடல்; அதைத் தாண்டும் இரண்டு மூன்று நாளும் உட்காருவதற்கு ஒரு கிளை கிடையாது. ஆகையால் கடலை எட்டுவதற்கு முன் அக்டோபர், நவம்பர் மாதங்களில் நமது வடகிழக்கு மலைகளில் தங்கி, மழை ஓய்ந்தபின் புற்றுகளிலிருந்து கிளம்பும் ஈசலைத் தின்று கொழுக்கிறது. ஈசலை நம்பி ஒரு சமுத்திரப் பிரயாணம்!

திமாபூரில் ரயிலை விட்டு இறங்கி, கோஹிமா வழியாக வோக்கா ஜில்லாவுக்குப் போனோம். பாதையைப் பற்றி எழுதாமலிருப்பதே மரியாதை. நாகாலாந்து மியான்மார் எல்லையை ஒட்டிய ராஜ்யம். 1873-ல் வெள்ளைக்கார சர்க்கார் போட்ட சட்டத்தின்படி, 'இன்னர் லைன்' அனுமதிச் சீட்டு இல்லாமல் வெளியூர்க்காரர்கள் இன்றைக்கும் அங்கே நுழைய முடியாது. சொந்த தேசத்தில் நடமாடச் சீட்டா என்று நமக்கு முதலில் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. தங்கள் நிலமும் காடும் வெளியார் கைக்குப் போகாமல் காக்கும் வேலி அதுதான் என்று மலை ஜனங்கள் கருதுவதைத் தெரிந்துகொண்டபின், ரோஷத்தைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினோம்.

டொயாங் நதியின் நீர்த்தேக்கத்துக்கு அருகில் பாங்தி என்ற கிராமம் இருக்கிறது. லோத்தா நாகர்கள் வாழும் ஊர். நமது கோஷ்டிக்கு வழிகாட்டியாக வந்தவர் நாற்பது வயதுள்ள ஒரு மீனவர். அந்தக் கிழக்கு மூலையில் நவம்பரில் நாலரை மணிக்கே சூரியன் அஸ்தமித்து விடுகிறான். நாலு மணிக்கு மேட்டில் போய் நின்றோம். முதலில் மலைக்கு மேல் தூசி பறப்பது போலத் தெரிந்தது. பத்து நிமிஷத்தில் அந்தத் தூசி வானம் முழுவதும் பரவிச் சுழல ஆரம்பித்தது. கீழே மரங்களெல்லாம் வல்லூறு. மின்சாரக் கம்பிகள் நெடுகிலும் வல்லூறு. இன்னும் மேலே இறங்க இடமில்லாமல் வட்டமிடுகிறவை லட்சம் இருக்கலாம். நாம் எண்ணத் தொடங்கி முந்நூறில் கைவிட்டோம். கணக்கு உபாத்தியாயரை அழைத்து வராதது பிசகு என்று தோன்றிற்று.

"நாங்கள் எண்ணியிருக்கிறோம், ஸார்" என்றார் வழிகாட்டி. "வலையில் எண்ணினோம்."

அவர் சொன்னதையும், அந்நாளில் பத்திரிகைகளில் வந்ததையும் சேர்த்துச் சொல்கிறோம். டொயாங் மின்சார நிலையம் 2000-ம் வருஷத்தில் வேலை செய்யத் தொடங்கியது. அதற்காகத் தேக்கிய தண்ணீரில் ஊராரின் விளைநிலங்கள் மூழ்கின. உழுதவர்கள் மீன் பிடிக்கலானார்கள். அதன் பிறகு தேக்கத்தின் கரையில் வல்லூறுகள் திரள்திரளாக வந்து இறங்கின. மீன் வலையை மரங்களுக்கிடையில் கட்டினால் மீனைவிட அதிகமாகவே அகப்பட்டது. 2012 அக்டோபரில் வனவிலங்குப் பாதுகாப்பில் ஈடுபட்ட சிலர் அங்கே சென்று, கண்டதைப் படமெடுத்து வெளியிட்டார்கள். நாளொன்றுக்கு 12,000 முதல் 14,000 பக்ஷிகள் வரை கொல்லப்பட்டதாக அவர்கள் மதிப்பிட்டார்கள். உலகம் பதறிற்று.

மறு வருஷம், 2013-ல், பாங்தியில் ஒரு வல்லூறுகூட வலையில் விழவில்லை. கிராம சபை தடை விதித்தது. மாதா கோயிலில் பிரசங்கம் செய்தார்கள். வன இலாகாவும் பாதுகாப்பாளரும் கூட நின்றார்கள். அந்த நவம்பரில் மூன்று பக்ஷிகளின் முதுகில் ஐந்து கிராம் எடையுள்ள கருவிகளைப் பொருத்தி, நாகா, பாங்தி, வோக்கா என்று பெயரிட்டுப் பறக்கவிட்டார்கள். அவற்றில் நாகாவும் பாங்தியும் கடல் தாண்டித் தென்னாப்பிரிக்கா வரையில் போன வழி, ஆகாயத்திலுள்ள சாட்டிலைட்டின் மூலம் தெரிய வந்தது. தங்கள் ஊர்ப் பெயர் சமுத்திரத்தின்மேல் பறக்கிறது என்பதில் கிராமத்தாருக்கு அளவற்ற பெருமை.

நமது கோஷ்டியிலிருந்த பட்டணத்து வாலிபர் ஒருவர், "இவ்வளவு அழகான பிராணியைக் கொல்ல மனம் எப்படி வந்தது?" என்று வழிகாட்டியைக் கேட்டுவிட்டார். நமக்குத் தர்மசங்கடமாக இருந்தது. அவர் கோபிக்கவில்லை. கீழே பளபளத்த தண்ணீரைக் காட்டி, "எங்கள் நெல் அதற்கு அடியில் இருக்கிறது" என்றார்.

அந்தக் கொலை நியாயமென்று நாம் வாதிக்க வரவில்லை, மகா பாதகமே. ஆனால் வலைப் பணத்தில்தான் அவர் மூத்த பெண்ணுக்குப் பள்ளிக்கூடச் சம்பளம் கட்டியிருக்கிறார். அந்தப் பணத்தை ஒரே வருஷத்தில் ஊரோடு விட்டார்கள். தீபாவளிப் பட்டாசைக் கொஞ்சம் குறைக்கும்படி நம் தெருவில் சொல்லிப் பார்த்தால் தெரியும், ஒரு வழக்கத்தை விடுவது எத்தனை சுலபம் என்று! வல்லூறு அங்கே தங்குவது சில வாரம்; பைனாகுலரும் கையுமாக நாம் போய்ச் சோற்றுக்கும் படுக்கைக்கும் காசு கொடுப்பதும் அந்தச் சில வாரமே. மற்ற மாதங்களில் அடுப்பு எதைக் கொண்டு எரிகிறது என்று கேட்கும் சர்க்கார் உத்தியோகஸ்தரையோ, பக்ஷிப் பிரியரையோ தாம் அதிகம் சந்தித்ததில்லை என்றார் அவர். பள்ளிப் பிள்ளைகளுக்கு ஜீவகாருண்யத்தைப் பற்றி நாலு வார்த்தை பேச வேண்டுமென்று நாம் குறிப்பு எழுதிக்கொண்டு போயிருந்தோம். அதைப் பையிலிருந்து எடுக்கவேயில்லை.

மறுநாள் விடியற்காலையில் பக்ஷிகள் மரங்களை உதறிவிட்டு எழுந்து, வெளிச்சம் வருவதற்குள் மலைகளின் மேல் சிதறிப் போயின. வழிகாட்டி தமது படகைத் தள்ளிக்கொண்டு தண்ணீருக்குள் போனார். ஒரு மணி நேரங் கழித்துத் திரும்பியபோது படகில் நாலு மீன்கள் இருந்தன. வலையை உதறி மூங்கில் கழியில் காயப்போட்டார். பழைய வலை, அங்கங்கே முடிச்சுப் போட்டுத் தைத்திருந்தது. அந்த வலைதானா என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை.